ஒற்றைக் கை வெல்வெட் கோட்டு

அவளுக்குக் கத்திரி என்று பெயர் வந்தது கத்திரிக்கோலால் இல்லை, வாயால். தையல்காரிக்குப் பொருத்தமான பட்டப்பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளிடம் ஒருமுறை பேசியவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

எனக்கு அவளைத் தெரிய வந்தது அவள் மாமியாரால். அந்தக் கிழவி இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்ததும், குளிப்பாட்டி, புரட்டிப் போட, வாரம் மூன்று நாள் நான் போய்வந்தேன். பராமரிப்பு வேலையில் நாற்பது வருடம் இருந்தவள் நான். ஒரு வீட்டுக்குள் நுழைந்தவுடன் மூக்கு எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அந்த வீட்டில் மூத்திர நாற்றம் இல்லை. விரிப்பு மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. நோயாளியின் முதுகில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. மருமகள் பார்த்துக்கொள்கிறாள், ஆனால் பிரியத்தால் பார்க்கவில்லை என்பதும் முதல் நாளே தெரிந்துவிட்டது. இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டாலே போதும்.

"தண்ணி கேட்டு எவ்வளவு நேரமாச்சு?"

"ரெண்டு நிமிஷம் ஆச்சு அத்தை. கடிகாரம் எதிர்லதான் இருக்கு."

கணவன் கப்பல் வேலைக்குப் போனவன். முதலில் கடிதம் நின்றது, பிறகு ஆளும் நின்றுவிட்டான். தாயை மட்டும் விட்டுப்போனான். கத்திரி கல்யாணத்துக்கு முன் ஒரு சீருடைத் தொழிற்சாலையில் ஆறு வருடம் காலர் மட்டுமே தைத்தவள். சட்டையின் மற்ற பாகங்களை அந்த ஆறு வருடமும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பாள். தனியாகக் கடை போட்டதும் மேல்தெருவின் பெரிய மனுஷிகள் எல்லாரும் அவளிடம் வந்தார்கள். ஆளுயரக் கண்ணாடி, இரண்டு மெஷின், சுவரில் மாட்டிய துணிகள். நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

அதைக் கெடுத்தது ஒரு கோட்டு.

மாதர் சங்கத்தின் தலைவியம்மா சங்கத்தின் வெள்ளி விழாவுக்குப் போட்டுக்கொள்ளக் கரும்பச்சை வெல்வெட்டில் ஒரு நீளக் கோட்டு தைக்கக் கொடுத்தாள். கத்திரி வெட்டி, வெள்ளை நூலில் தற்காலிகமாக ஓட்டி, வலது கையை மட்டும் வைத்து, முதல் டிரையலுக்கு வரச் சொன்னாள். தலைவியம்மா போட்டுப் பார்த்தாள். கழுத்து இவ்வளவு இறக்கம் வேண்டுமா என்று சந்தேகம். "தங்கச்சிகிட்டக் காட்டிட்டு நாளைக்குக் கொடுத்தனுப்பறேன்" என்று, குத்திய குண்டூசிகளோடு, இன்னும் வைக்காத இடது கையையும் சுருட்டி எடுத்துப் போனாள். கொடுத்தனுப்பவில்லை. பதினைந்து நாள் கழித்து வந்து, கோட்டு தயாரா என்று கேட்டாள்.

"நீங்கதானேம்மா எடுத்துட்டுப் போனீங்க?"

"நானா? பாதி தைச்சத எதுக்கும்மா நான் எடுத்துட்டுப் போகணும்?"

அவ்வளவுதான். வெளிநாட்டு வெல்வெட், விற்றுவிட்டாள் என்று பேச்சு பரவியது. சங்கத்து அம்மாக்கள் ஒவ்வொருத்தியாகத் தங்கள் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கடை இருந்த கட்டடம் சங்கத்தில் இருந்த ஒருத்தியின் கணவருடையது. அவர் கடையைக் காலி பண்ணச் சொன்னார். கத்திரி ஒரு மெஷினை விற்றுவிட்டு, கடையும் வீடுமாக ஆற்றோரத் தகரக் கொட்டகைக்கு இறங்கினாள். கிழிசல் தைத்தாள், ஜிப் மாற்றினாள். வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. மாமியார் நாலு வருடம் விடாமல், சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட, "வெல்வெட் திருடத் தெரியுது, இது தெரியல" என்பாள்.

கத்திரிக்கு வேறு ஆசையே இருக்கவில்லை. மெஷினும் கேட்கவில்லை, கடையும் கேட்கவில்லை. அந்தப் பொம்பளை வாயாலேயே, பத்துப் பேர் முன்னால், "அவ எடுக்கல" என்ற வார்த்தை வர வேண்டும். இதை எத்தனை முறை என்னிடம் சொன்னாள் என்று கணக்கில்லை. அது நடந்துவிட்டால் அன்றைக்கே செத்தாலும் பரவாயில்லை என்பாள். அப்புறம் யோசித்து, "வேணாம், ஒரு வாரம் கழிச்சு. கொஞ்சம் அனுபவிக்கணும்ல" என்பாள்.

பிறகு ஆற்றங்கரை உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. இடுப்பளவு தண்ணீர் வந்தபோது, கொட்டகையில் தூக்கிக்கொண்டு ஓட இரண்டு பொருள்தான் இருந்தன, தையல் மெஷினும் மாமியாரும். மாமியாரை முதுகில் கட்டிக்கொண்டு வந்தாள். முகாமாக மாறிய பள்ளிக்கூடத்து வாசலில் நான் இறக்கி வாங்கியபோது மூச்சு வாங்க அவள் சொன்ன முதல் வார்த்தை, "மெஷினைத் தூக்கியிருந்தா வழி நெடுக வாயாவது பேசாம வந்திருக்கும் சிஸ்டர்."

முகாமில் என்னை நோயாளி அறை வேலைக்குப் போட்டார்கள். படுத்த படுக்கையாகப் பதினொரு பேர். மாணவர்களின் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தோம். மூன்றாவது நாளே நாலு பேருக்கு முதுகு சிவக்க ஆரம்பித்தது. படுக்கைப் புண் வந்தால் பிறகு மாதக்கணக்கு. காற்று மெத்தை வேண்டும் என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டேன். மாதர் சங்கம் பதினொன்றும் தருவதாக ஏற்றுக்கொண்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, விழா வைத்து, போட்டோ எடுத்துத் தருவார்களாம்.

அதற்குள் துணி மூட்டைகள் வர ஆரம்பித்தன. கத்திரியைத் துணி பிரிக்கும் வேலையில் வைத்தேன், பள்ளியின் அறிவியல் கூடத்தில். கொடுக்கிற மனசு பெரிசு என்று பொதுவாகச் சொல்வார்கள். மூட்டையை அவிழ்ப்பவள் அப்படிச் சொல்ல மாட்டாள். ஒற்றைச் செருப்பு வந்தது. நீச்சல் உடை வந்தது, தண்ணீரில் எல்லாம் போனவர்களுக்கு. எலி கடித்த திருமண கவுன் வந்தது. காலாவதியான இருமல் மருந்து ஒரு பெட்டி வந்தது. சட்டைகள் வந்தன, நல்ல சட்டைகள்தான், ஆனால் ஒன்றிலும் பொத்தான் இல்லை. கொடுப்பதற்கு முன் உட்கார்ந்து வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"பொத்தான் நாளைக்கு உதவும்னு எடுத்து வெச்சிருக்காங்க சிஸ்டர். நாம உதவ மாட்டோம்ல."

எந்த மூட்டை யாருடையது என்று எங்களுக்குத் தெரியும். தலைவியம்மாவின் ஏற்பாடு அது. கொடுத்தவர் பெயர் போட்டோவில் விழ வேண்டும் என்று, ஒவ்வொரு வீட்டு மூட்டையிலும் வீட்டம்மா பெயரைச் சிவப்புப் பெயின்ட்டில், முழ நீளத்துக்கு எழுத வைத்திருந்தாள். தன் மூட்டையில் கணவரின் பட்டத்தையும் சேர்த்து.

ஐந்தாம் நாள் காலை அந்த மூட்டையை அவிழ்த்தோம். நானும் முகாம் சமையல்காரியும் பக்கத்தில் நின்றிருந்தோம். அலமாரியின் அடித்தட்டை வேலைக்காரப் பெண் அப்படியே வழித்து அள்ளிப் போட்டிருக்க வேண்டும். இலாஸ்டிக் போன ஆண்கள் பைஜாமா, ஓட்டை விழுந்த வெந்நீர்ப் பை, நாப்தலின் வாசனை. எல்லாவற்றுக்கும் அடியில் கரும்பச்சை வெல்வெட்.

கத்திரி அதைத் தூக்கிப் பிடித்தாள். ஒரு கை மட்டும் வைத்த கோட்டு. வெள்ளை நூல் ஓட்டு அப்படியே இருந்தது, சாக்கட்டிக் கோடு மங்கியிருந்தது. துருவேறிய குண்டூசிகள் கழுத்தில் வரிசையாக நின்றன. வைக்காத இடது கை கோட்டுப் பையில் சுருட்டியபடியே இருந்தது. அவள் அழவில்லை. சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை, உடனே நாடி பிடித்துப் பார்த்தேன். நூற்றிருபது இருந்தது.

"இப்பவே போறேன். அவ வீட்டு வாசல்ல வெச்சு மூஞ்சில வீசறேன்."

"போ. அவ வாங்கி உள்ள போட்டுக் கதவைச் சாத்திப்பா. அப்புறம் உன்கிட்ட என்ன இருக்கு?"

"சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"சும்மா இருக்கச் சொல்லல. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கச் சொல்றேன். முதல்ல மெத்தை இறங்கட்டும். இன்னிக்கு அவளை அவமானப்படுத்தினா பதினொரு முதுகும் அழுகும். அதுல ஒண்ணு உன் மாமியார் முதுகு."

"அந்த ஒண்ணைப் பத்திக் கவலையில்ல."

சொன்னாளே தவிர உட்கார்ந்துவிட்டாள். மூட்டையில் இருந்ததையெல்லாம் மறுபடி உள்ளே போட்டு, பெயர் தெரிகிற மாதிரி கட்டி, நோயாளி அறையில் என் மேஜைக்கு அடியில் தள்ளினேன். கோட்டை மட்டும் அவள் வைத்துக்கொண்டாள். அவிழ்த்ததைப் பார்த்த சமையல்காரியிடம், கேட்டால் சொல்ல வேண்டும், கேட்காமல் சொல்லக் கூடாது என்றேன். அவள் சொல்லாமல் இருந்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

அன்று மத்தியானம் கத்திரி கோட்டை மாமியாரின் கையில் வைத்தாள். கிழவி தடவிப் பார்த்தாள். தையலை விரலால் எண்ணினாள்.

"இது உன் கை."

"ஆமா. எங்க இருந்துச்சு தெரியுமா? அவ வீட்டு மூட்டைல."

கிழவி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். "ஊரே சொல்லுச்சு. நானும் சொன்னேன்."

"ஊரை நான் முதுகுல தூக்கிட்டு வரல அத்தை. உங்களைத்தான் தூக்கிட்டு வந்தேன்."

கிழவி கோட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள், "அந்த ஊசியெல்லாம் துருப்பிடிச்சிருக்கே. புதுசு குத்தலாம்ல?" மன்னிப்பு என்று அந்தக் குடும்பத்தில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

கத்திரியும் அதையே யோசித்திருந்தாள். பள்ளி அலுவலகத்தில் ஒரு டப்பா குண்டூசி இருந்தது. எனக்கு எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.

"உடம்புல குத்துமே?" என்றேன்.

"அசைஞ்சாத்தான் குத்தும்."

நோயாளிக்குத் தீங்கு செய்யாதே என்று எங்களுக்குப் பாடம் உண்டு. தலைவியம்மா என் நோயாளி இல்லை. இருந்தாலும் டெட்டனஸ் ஊசி மருந்து கையிருப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டப்பாவைக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மெத்தைகள் லாரியில் வந்தன. விழா மத்தியானம். விழா மேடையில் ஒவ்வொன்றாகத் தன் கையால் தரவேண்டும் என்று தலைவியம்மா சொல்லியனுப்பியிருந்தாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லாரி நின்ற ஒரு மணி நேரத்துக்குள் உறையைக் கிழித்து, காற்றடித்து, பதினொரு பேரையும் மேலே ஏற்றிவிட்டேன். மேலே ஆள் படுத்திருக்கும் மெத்தையை யாரும் உருவிக்கொண்டு போக முடியாது. அவள் வந்து பார்த்து முகம் சுருங்கி, "என்ன சிஸ்டர், அதுக்குள்ள அவசரமா?" என்றாள். "முதுகு விழா வரைக்கும் காத்திருக்காதும்மா" என்றேன். கத்திரியின் பக்கம் திரும்பித் தலையாட்டினேன்.

பள்ளியின் கூட்ட அறையில் முகாம் ஆட்கள் தரையிலும், சங்கத்து அம்மாக்கள் பதினாலு பேர் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். தலைவியம்மா அரை மணி நேரம் பேசினாள். கொடுப்பதில் இருக்கும் ஆனந்தம் வாங்குவதில் இல்லை என்றாள். பொத்தான் இல்லாத சட்டையை முன்புறம் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேசி முடித்ததும் சமையல்காரி எழுந்து, முகாம் சார்பில் அம்மாவுக்குக் கையால் செய்த ஒரு சின்னப் பரிசு என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். போட்டோக்காரர் முன்னால் வந்து நின்றார். கத்திரி தலைவியம்மாவின் முதுகுப்பக்கமாகப் போய், துணியை உதறி விரித்துப் பிடித்து, "கையை நீட்டுங்கம்மா" என்றாள்.

வாழ்நாள் முழுவதும் பிறர் உடுத்திவிட்டுப் பழகிய உடம்பு அது. திரும்பிப் பார்க்காமலே, போட்டோவுக்குச் சிரித்தபடி, இரண்டு கையையும் பின்னால் நீட்டினாள். வலது கை வெல்வெட்டுக்குள் போனது. இடது கை வெறுமையாக வெளியே வந்தது. கத்திரி முன்பக்கம் வந்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை ஊசி ஊசியாகக் குத்தி மூடினாள். காலர் தைத்துப் பழகிய விரல், முப்பது எண்ணுவதற்குள் முடித்துவிட்டது.

"அசையாதீங்கம்மா. ஊசி இருக்கு. ரெண்டாவது டிரையல் பாக்கி இருந்துச்சுல்ல?"

நாற்காலி வரிசையில் தலைகள் முன்னால் நீண்டன. பச்சை வெல்வெட் கதை அந்தப் பதினாலு பேருக்கும் மனப்பாடம். தலைவியம்மா குனிந்து பார்த்தாள். புத்திசாலி, சும்மா சொல்லக்கூடாது. மூச்சு திரும்பியதும் கத்தினாள்.

"பாத்தீங்களா? பாத்தீங்களா எல்லாரும்? அவகிட்டதான் இருந்திருக்கு! நாலு வருஷமா ஒளிச்சு வெச்சிருந்திருக்கா!"

இதற்காகத்தான் மூட்டையை வைத்திருந்தேன். இழுத்துக்கொண்டு வந்து நடுவில் போட்டேன். சிவப்புப் பெயின்ட் எழுத்து கூட்ட அறையின் கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

"இது உங்க மூட்டைதானேம்மா?" என்று கத்திரி கேட்டாள். "பேரு நீங்க எழுதச் சொன்னதுதான். கோட்டு இதுக்குள்ள இருந்துச்சு. கூட என்னென்ன இருந்துச்சுன்னு பாத்துடலாமா?"

ஒவ்வொன்றாக எடுத்து உயர்த்திக் காட்டினாள். பைஜாமாவைக் காட்டி, "ஐயாவோடது, சலவைக் குறி இருக்கு பாருங்க" என்றாள். வெந்நீர்ப் பையின் ஓட்டைக்குள் விரலை விட்டு ஆட்டிக் காட்டினாள். முகாம் ஆட்கள் சிரித்தார்கள். நாற்காலியில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அவர்கள் சிரித்ததுதான் தப்பு.

கத்திரி அவர்கள் பக்கம் திரும்பினாள். "சிரிங்கம்மா, சிரிங்க. மத்த மூட்டையும் பக்கத்து ரூம்லதான் இருக்கு. எல்லாத்துலயும் பேர் இருக்கு. அடுத்தது யாரோடது அவுக்கட்டும்? உங்களோடதா?" என்று, கடையைக் காலி பண்ணச் சொன்ன கட்டடக்காரரின் மனைவியைக் கேட்டாள். "எலி கடிச்ச கவுனு?"

சிரிப்பு நின்றது. பதினாலு பேரும் தங்கள் தங்கள் மூட்டையில் என்ன போட்டோம் என்று நினைத்துப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. மருத்துவமனையில் பரிசோதனை முடிவுக்காக உட்கார்ந்திருப்பவர்களிடம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"இல்ல, உங்களோடதா?" என்று தலைவியம்மாவின் தங்கையின் எதிரே போய் நின்றாள் கத்திரி. "நானே எடுத்துட்டு வரட்டுமா?"

"வேணாம்!" என்று தங்கை எழுந்துவிட்டாள். "அக்கா, நீ எடுத்துட்டு வந்து காட்டினியேக்கா. கழுத்து இறக்கமா இருக்குன்னு நான்தானே சொன்னேன். அப்புறம் கேட்டப்ப, டெய்லர்கிட்ட இருக்குன்னு நீ சொல்லிட்ட. நான் எதுக்கு நடுவுலன்னு இருந்துட்டேன்."

"வாயை மூடுடி!"

தங்கையின் மூட்டையில் என்ன இருந்தது என்பதை நான் இங்கே எழுத மாட்டேன். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள், அத்தோடு சரி.

தலைவியம்மா கோட்டைக் கழற்றப் பார்த்தாள். "ஆ!" என்றாள். இன்னொரு பக்கம் திரும்பினாள். "ஆ!"

"கழட்டும்மா இதை!"

"கழட்டறேம்மா. ஒரு வார்த்தை சொல்லுங்க, உடனே கழட்டறேன்."

"என்ன வார்த்தை?"

"நான் எடுக்கலைன்னு."

தலைவியம்மா போட்டோக்காரரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள். ஒருத்தியும் அவள் கண்ணைச் சந்திக்கவில்லை. "நீ எடுக்கல" என்று முணுமுணுத்தாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலையாம்மா."

"அவ எடுக்கல! அவ எடுக்கல, போதுமா?"

போதாது போலிருந்தது. கத்திரி நாற்காலி வரிசையில் முதலில் இருந்தவளிடமிருந்து தொடங்கி ஒவ்வொருத்தியையும் சொல்ல வைத்தாள். பல் டாக்டரின் மனைவி கட்டடக்காரர் மனைவியைவிடச் சத்தமாகச் சொன்னாள். அவள் மூட்டையும் பெரியது. பதினாலு முறை அந்த அறையில் அது ஒலித்தது. அதன் பிறகுதான் ஊசியை எடுக்க வந்தாள். ஒன்றை எடுப்பாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள், டப்பாவில் போடுவாள், மூடியை மூடுவாள், மறுபடி திறப்பாள். இருபத்தாறு ஊசி. நான் அவசரப்படுத்தவில்லை.

பழிவாங்கினால் மனசு காலியாகிவிடும், தூக்கம் போய்விடும் என்று நல்லவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று சாயங்காலம் கத்திரி துணிக் குவியல் மேலேயே படுத்து நாலு மணி நேரம் தூங்கினாள். நாடி எழுபத்திரண்டு.

சங்கத்திலிருந்து ஒரு புதுத் தையல் மெஷின் வந்தது. நன்றிக் கடிதம் ஒன்று எழுதித் தரும்படி கேட்டார்கள். "மெஷினை இறக்கி வெச்சுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். தலைவியம்மாவின் ஒற்றைக் கைப் படம் பத்திரிகையில் வரவில்லை. அதற்கு அவசியமும் இல்லை, ஊரில் போன் வைத்திருந்த எல்லாரிடமும் இருந்தது. அவள் சங்கத்தை விட்டு விலகினாள். வெளியூர்த் தையல்காரர் ஒருவரிடம் இப்போது தைக்கிறாளாம். தோள்பட்டை சரியாக உட்காருவதில்லை என்று யார் வந்து சொன்னாலும் கத்திரி அவர்களை உட்கார வைத்து, முதலிலிருந்து விவரமாகச் சொல்லச் சொல்வாள்.

மாமியார் அந்தக் காற்று மெத்தையில் இன்னும் ஒன்றரை வருடம் இருந்தாள். பார்க்க வருபவர்களிடமெல்லாம், "என் மருமக எடுக்கல" என்று சொல்வாள். மறந்தால் கத்திரி உள்ளேயிருந்து, "அத்தை, வந்தவங்களுக்குச் சொன்னீங்களா?" என்று குரல் கொடுப்பாள். கடைசிவரை முதுகில் புண் வராமல்தான் போய்ச் சேர்ந்தாள்.

மேல்தெருக் கடையையே கட்டடக்காரர் திரும்பக் கொடுத்தார். அம்மாக்களும் திரும்பி வந்தார்கள், அவளைப் போல் காலர் வைக்க அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. மன்னித்துவிட்டாயா என்று ஒருநாள் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். நான் போயிருந்த அன்று கட்டடக்காரரின் மனைவி கண்ணாடி முன்னால் அளவு கொடுத்துக்கொண்டு நின்றிருந்தாள், இரண்டு கையும் பக்கவாட்டில் தூக்கியபடி. கத்திரி ஒரு அளவை எடுத்தாள். எழுதினாள். பென்சில் சீவினாள். ஊசியில் நூல் கோத்தாள். என்னிடம் மழையைப் பற்றிப் பேசினாள்.

"கையை இறக்கலாமா?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"இன்னும் இல்லம்மா" என்றாள் கத்திரி.